ஸ்காட்லாந்துக் கோட்டைகள்: 7 நாளில் 11 இடம் முடியுமா?

பொன்னிவளவன்

செப்டம்பர் 27 முதல் அக்டோபர் 3 வரை 7 நாள். எடின்பரோவில் தொடங்கி அங்கேயே முடிகிறது. பெரியவர்கள் மூவர். அதில் ஒருவருக்கு 70 வயது, முழங்கால் வலி உண்டு. 12 வயதுப் பையன் ஒருவன். 3-ஆம் நாளிலிருந்து வாடகைக் கார்.

பட்டியலில் இப்போது இருப்பவை: எடின்பரோ, லின்லித்கோ, ஸ்டர்லிங், டூன், பிளேர், அர்க்கர்ட், எலன் டோனன், டன்ராபின், கிரெய்கிவார், கிராத்தஸ், டனாட்டர்.

இதில் எதை வெட்டலாம்? எந்தப் பாஸ் வாங்குவது லாபம்? உள்ளே போனால் எதைக் கவனிக்க வேண்டும்? மூன்றாவது கேள்விக்குத்தான் எந்தப் பயணக் கையேட்டிலும் உருப்படியான பதில் கிடைக்கவில்லை.

கல்தச்சன்

பொன்னிவளவன், பாஸ் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடலாம். எல்லாக் கோட்டைக்கும் ஒரே சீட்டு என்று அங்கே எதுவும் கிடையாது. உங்கள் பட்டியலே மூன்று சொந்தக்காரர்களிடம் பிரிந்து கிடக்கிறது.

எடின்பரோ, லின்லித்கோ, ஸ்டர்லிங், டூன், அர்க்கர்ட் ஐந்தும் ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து என்ற அரசு சார்ந்த அமைப்பின் பராமரிப்பில் உள்ளவை. கிராத்தஸ், கிரெய்கிவார் இரண்டும் 1931-இல் தொடங்கிய நேஷனல் டிரஸ்ட் ஃபார் ஸ்காட்லாந்துடையவை. பிளேர், எலன் டோனன், டன்ராபின், டனாட்டர் நான்கும் தனியார் குடும்பங்கள் அல்லது அறக்கட்டளைகள் கையில். அங்கே இந்த இரண்டு அமைப்புகளின் பாஸும் செல்லாது, தனித்தனியாகத்தான் டிக்கெட் வாங்க வேண்டும்.

முதல் ஐந்துக்கு ஹிஸ்டாரிக்கின் எக்ஸ்ப்ளோரர் பாஸ் பொருந்தும். எடின்பரோவும் ஸ்டர்லிங்கும் தனியாக வாங்கினால் விலை அதிகம் என்பதால், இந்த இரண்டோடு இன்னும் ஒன்றிரண்டு பார்த்தாலே பாஸ் பணம் பெரும்பாலும் திரும்பிவிடும். பாஸ் இருந்தாலும் எடின்பரோவுக்கு நேர ஸ்லாட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள். நல்ல நேரங்கள் முதலில் தீர்ந்துபோகும்.

பிரிட்டனிலேயே வசிப்பவர்களுக்குக் கணக்கு வேறு. இங்கிலாந்தின் நேஷனல் டிரஸ்ட் அட்டை இருந்தால் ஸ்காட்லாந்து டிரஸ்ட் இடங்களுக்குக் கட்டணம் இல்லை. அதேபோல ஹிஸ்டாரிக்கின் ஆண்டு உறுப்பினருக்கு இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் இடங்களில் முதல் ஆண்டு பாதிக் கட்டணம், புதுப்பித்த பிறகு இலவசம். இந்த இரண்டு ஜோடிகளையும் குழப்பிக்கொண்டு தவறான அட்டையை நீட்டுவது அங்கே டிக்கெட் கவுண்டரில் தினமும் நடப்பது.

இன்னொன்று. சில இடங்களில் டிக்கெட்டுக்கு இரண்டு விலை எழுதியிருப்பார்கள். கூடுதல் விலை 'கிஃப்ட் எய்ட்' நன்கொடை சேர்ந்தது. பிரிட்டனில் வருமான வரி கட்டுகிறவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அறக்கட்டளை அரசிடம் 25 பென்ஸ் கோரிப் பெறும் ஏற்பாடு அது. அங்கே வரி கட்டாதவர்கள் குறைந்த விலையைக் கேட்டு வாங்கினால் போதும்.

வடக்குவாசல்

வெட்ட வேண்டியதைப் பற்றி. எலன் டோனனை எடுத்துவிடுங்கள்.

இன்வெர்னஸ்ஸிலிருந்து போக ஒன்றரை மணி நேரம், திரும்பி வர ஒன்றரை. அந்த நாளில் வேறு எதுவும் செய்ய முடியாது. ஸ்காட்லாந்தில் மிக அதிகமாகப் படம் எடுக்கப்படும் கோட்டைகளில் ஒன்று அது. ஆனால் நிற்கும் கட்டடம் பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டினது. 1719-இல் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்கள் சுட்டுத் தகர்த்தபின் ஏறக்குறைய 200 ஆண்டு இடிபாடாகக் கிடந்தது. ஜான் மக்ரே-கில்ஸ்டிராப் என்பவர் அதை மறுபடி கட்டி 1932-இல் முடித்தார். கல்பாலமும் அப்போது வந்ததுதான். ஸ்கை தீவுக்குப் போகிறவர்களுக்கு அது வழியில் வருகிறது, நின்று பார்க்கலாம். அதற்காகவே போவது 7 நாள் திட்டத்தில் கட்டுப்படியாகாது.

டனாட்டரையும் யோசியுங்கள். கடலுக்குள் நீட்டிய பாறை மேல் இருக்கும் இடிபாடு. கார் நிறுத்துமிடத்திலிருந்து பள்ளத்தில் இறங்கி மறுபக்கம் ஏற வேண்டும், போகவர 200 படிக்கு மேல். காற்று பலமாக இருந்தால் மூடிவிடுவார்கள். ஆனால் எதிர்ப்பக்க மேட்டில் நின்றால் முழுக் கோட்டையும் தெரியும், அதற்குக் கட்டணம் இல்லை. மூட்டு வலிக்காரருக்கு அதுவே போதும். இங்கிலாந்தின் கிராம்வெல் படை தேடிய ஸ்காட்லாந்து அரச முடியையும் செங்கோலையும் 1650-களின் தொடக்கத்தில் ஒளித்து வைத்திருந்த இடம் இது. அதே முடியை எடின்பரோவில் முதல் நாளே பார்த்திருப்பீர்கள். அந்தத் தொடர்பை வைத்துப் பையனுக்குச் சொல்லுங்கள்.

தேதியில் ஒரு கண்ணி இருக்கிறது, கவனியுங்கள். ஹிஸ்டாரிக் இடங்களின் கோடை நேரம் செப்டம்பர் 30 உடன் முடிகிறது. அக்டோபர் 1 முதல் குளிர்கால நேரம், முன்னதாகவே மூடுவார்கள். கடைசி நுழைவு மூடும் நேரத்துக்கு முன்பே நின்றுவிடும். உங்கள் பயணம் சரியாக இந்த எல்லையைக் கடக்கிறது. டிரஸ்ட் மாளிகைகளிலும் இலையுதிர் காலத்தில் வாரத்தில் சில நாள் திறப்பதில்லை. கிரெய்கிவாருக்குத் தேதி உறுதி செய்த பிறகுதான் ஹோட்டல் எடுக்க வேண்டும், மாற்றிச் செய்யாதீர்கள்.

கல்தச்சன்

எலன் டோனன் பற்றி வடக்குவாசல் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'பிற்காலக் கட்டடம்' என்பதையே ஒரு குறையாகப் பிடித்தால் ஸ்காட்லாந்தில் பாதி விழுந்துவிடும். பிளேர் கோட்டையின் இன்றைய கோபுர முகப்பு 1870-களில் கட்டடக்கலைஞர் டேவிட் பிரைஸ் வரைந்தது. டன்ராபின் 1840-களில் சார்ல்ஸ் பேரி கைபட்டு பிரெஞ்சு அரண்மனை போலானது. 1915-இல் தீப்பிடித்தபின் உள்ளறைகளை ராபர்ட் லொரிமர் மாற்றினார். எந்த அடுக்கு எந்தக் காலம் என்று பிரித்துப் பார்ப்பதில்தான் சுவையே இருக்கிறது.

இனி மூன்றாவது கேள்வி. கிராத்தஸையும் கிரெய்கிவாரையும் மையமாக வைத்துச் சொல்கிறேன். ஸ்காட்லாந்துக்கே உரிய கட்டட வகை என்றால் இந்தக் கோபுர வீடுதான். மன்னர் கோட்டைகளுக்கு இணை பிற நாடுகளில் உண்டு.

வெளியிலேயே தொடங்குங்கள். அடியில் சுவர் வெறுமையாக, பலமாக இருக்கும். ஜன்னல் சிறிது, சுடும் துளைகள் இருக்கலாம். மேலே போகப் போக மூலைகளில் தொங்கும் சிறு கோபுரங்களும் படிப்படியான முக்கோணச் சுவர்களும் வந்து வீடு விரியும். கீழே பாதுகாப்பு, மேலே பகட்டு. கிரெய்கிவார் 1626-இல் முடிந்தது. பால்டிக் கடல் வணிகத்தில் பணம் சேர்த்த வில்லியம் ஃபோர்ப்ஸ் கட்டி முடித்தது. பீரங்கி வந்து நெடுங்காலம் ஆன பிறகும் ஒரு வணிகர் கோபுரம் கட்டுகிறார் என்றால், கோபுரம் அப்போது அந்தஸ்தின் அடையாளம் ஆகிவிட்டது.

வாசலில் இரும்புக் கிராதிக் கதவு இருந்தால் அருகில் போய்ப் பாருங்கள். 'யெட்' என்பார்கள். கதவின் நான்கு கால்பகுதிகளில் இரண்டில் கிடைக்கம்பிகள் நிலைக்கம்பிகளைத் துளைத்துப் போகும், மற்ற இரண்டில் நிலைக்கம்பிகள் கிடைக்கம்பிகளைத் துளைக்கும். அதனால் ஒரு கம்பியை மட்டும் தட்டிக் கழற்ற முடியாது. இது ஸ்காட்லாந்துக் கொல்லர்களுக்கே உரிய வேலை.

உள்ளே தரைத்தளத்தில் வளைவுக் கூரை போட்ட சமையலறையும் கிடங்கும். முதல் மாடியில் பெரிய கூடம். அதற்கு மேல் படுக்கையறைகள். சுழல் படிக்கட்டில் ஒரு படி மட்டும் உயரம் மாறியிருந்தால் அது 'தடுக்கு படி'. கிராத்தஸில் ஒன்று உண்டு. இரவில் வரும் அந்நியர் தடுக்கி விழுந்து ஓசை எழுப்ப வைத்தது என்பது சொல்வழக்கு. படிகள் வலஞ்சுழியாகப் போவது வலக்கை வாள்வீரனுக்குச் சாதகம் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். அதற்குப் பழைய ஆதாரம் ஏதும் காட்டப்பட்டதில்லை, இடஞ்சுழிப் படிக்கட்டுகளும் பல இருக்கின்றன. கேட்டு ரசியுங்கள், வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கிராத்தஸில் கழுத்து வலித்தாலும் கூரையைப் பாருங்கள். பர்னெட் குடும்பம் 1553-இல் தொடங்கி 1596-இல் முடித்த வீடு. மரத்தூலங்களிலும் பலகைகளிலும் ஒன்பது வீரர்கள், கலைத்தேவதைகள் என்று எழுதிய ஓவியமும் பழைய ஸ்காட் மொழியில் நீதிமொழிகளும் இருக்கின்றன. நிறப்பொடியை விலங்குப் பசையில் குழைத்துத் தீட்டியது, எண்ணெய் கிடையாது. ஈரத்துணி பட்டாலே கரையும். பல வீடுகளில் பிற்காலத்தார் சுண்ணக்காரைக் கூரை அடித்து மறைத்துவிட்டதால்தான் இந்த வகை ஓவியங்கள் பிழைத்தன. கூடத்தில் 'லேஸ் கொம்பு' என்ற தந்தக் கொம்பு இருக்கும், 1323-இல் மன்னர் ராபர்ட் புரூஸ் நிலத்தோடு கொடுத்தது என்பது குடும்ப மரபு. தோட்டத்தின் யூ மரவேலிகளை 1702-இல் நட்டார்கள்.

கிரெய்கிவாரில் தரைத்தளத்துக்கு மேல் மின்விளக்கே கிடையாது. சிறு குழுவாக வழிகாட்டியோடுதான் அனுப்புவார்கள். மேகமூட்டமான மாலையில் போனால் பெரிய கூடத்தின் சுண்ணக்காரைக் கூரை வேலைப்பாடு பாதிதான் தெரியும். காலைச் சுற்றில் இடம் பிடியுங்கள்.

ரயிலடி

கார் இல்லாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சில குறிப்புகள்.

லின்லித்கோ அரண்மனை ஸ்டேஷனிலிருந்து 10 நிமிட நடை. ஸ்காட்லாந்தின் மேரி அரசி 1542-இல் பிறந்த இடம். ஸ்டர்லிங் ஸ்டேஷனிலிருந்து கோட்டைக்கு 20 நிமிடம், ஆனால் முழுக்க மேடு. மூட்டு வலிக்காரரை டாக்சியில் மேலே அனுப்பிவிட்டு இறங்கும்போது நடக்கலாம். எடின்பரோவிலிருந்து இரண்டையும் ஒரே நாளில் ரயிலிலேயே முடிக்க முடியும், கார் வேண்டாம் என்று பொன்னிவளவன் முடிவு செய்தது சரி.

பிளேர் அத்தால் ஸ்டேஷன் பெர்த் – இன்வெர்னஸ் பாதையில் இருக்கிறது. கோட்டை வாசல் நடக்கும் தூரம்தான். டன்ராபினுக்குக் கோட்டை பெயரிலேயே ஸ்டேஷன் உண்டு. ஆனால் கோடைக்காலத்தில் மட்டும், அதுவும் கேட்டால்தான் நிற்கும். நடத்துநரிடம் ஏறியவுடனே சொல்லிவிட வேண்டும். திரும்பும்போதும் ரயிலை நிற்கச் சொல்ல வேண்டும். ஒரு ரயிலை விட்டால் அடுத்ததற்குப் பல மணி நேரம் ஆகும். அர்க்கர்ட்டுக்கு இன்வெர்னஸ்ஸிலிருந்து பஸ் இருக்கிறது. கிராத்தஸுக்கு அபர்டீனிலிருந்து பேங்கரி போகும் பஸ். கிரெய்கிவார் மட்டும் கார் இல்லாமல் சரிப்படாது.

ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னால் பஸ்ஸில் புரியாது. கிளாமிஸ் என்று எழுதுவதை 'கிளாம்ஸ்' என்பார்கள். கல்சியன் என்று படிக்கத் தோன்றுவது 'கலேன்'. இரண்டும் உங்கள் பட்டியலில் இல்லாத கோட்டைகள், உதாரணத்துக்குச் சொன்னேன்.

வடக்குவாசல்

கார் ஓட்டுவது பற்றியும் சேர்த்துக்கொள்ளலாம். இடப்பக்கம் ஓட்டுவது நமக்குப் பழக்கம்தான். ஒற்றைத்தடச் சாலைதான் புதிது. எதிரே வண்டி வந்தால் ஒதுங்கும் இடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் போய் நில்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேர் எதிரே, உங்கள் பக்கத்திலேயே நின்று எதிர் வண்டியை அதற்குள் போக விடுங்கள். குறுக்கே வெட்டி வலப்பக்கம் போகக் கூடாது. பின்னால் வரும் வண்டிக்கும் இப்படியே வழிவிட வேண்டும். படம் எடுக்க அங்கே நிறுத்துவது பெரிய தவறு. ஏ9 நெடுஞ்சாலையில் டன்பிளேன் முதல் இன்வெர்னஸ் வரை சராசரி வேகக் கேமரா. கேமராவுக்கு முன் மட்டும் வேகம் குறைத்துப் பயனில்லை.

பொன்னிவளவன்

மிக்க நன்றி. எலன் டோனன் போய்விட்டது, டனாட்டர் மேட்டிலிருந்து மட்டும். இரண்டு சந்தேகம். மூட்டு வலிக்காரர் எங்கெல்லாம் உள்ளே போக முடியும்? சில மாளிகைகள் உள்ளே ஏன் அவ்வளவு இருட்டு?

செவ்வந்தி

இருட்டு வேண்டுமென்றே வைத்தது. வெளிச்சத்தால் துணியும் சாயமும் படும் சேதம் சிறுகச் சிறுகச் சேரும், திரும்பாது. பட்டு, திரைச்சீலை, நீர்வண்ணம் போன்றவற்றுக்கு வெளிச்சத்தை 50 லக்ஸ் என்ற குறைந்த அளவை ஒட்டி வைப்பது அருங்காட்சியக வழக்கம். அதனால்தான் திரை இறக்கியிருக்கும். உள்ளே நுழைந்து இரண்டு மூன்று நிமிடம் சும்மா நில்லுங்கள், கண் பழகியதும் அறை தானாகத் தெளியும். வெயிலிலிருந்து நேராக வந்து கைப்பேசி விளக்கைப் போடுகிறவர்களைத்தான் பணியாளர் தடுப்பார்.

முதுகுப் பையை முன்பக்கம் மாட்டச் சொல்வார்கள் அல்லது வாங்கி வைப்பார்கள். கூரான குதிகால் செருப்பு வேண்டாம், மரத்தரையில் ஒவ்வொரு அடியும் பள்ளம் போடும். படம் எடுக்கும் விதி இடத்துக்கு இடம் வேறு. ஃபிளாஷ், முக்காலி பொதுவாகக் கூடாது. குடும்பம் இன்னும் குடியிருக்கும் மாளிகைகளில் கேட்டுவிட்டே எடுங்கள்.

சில மாளிகைகளைக் குளிர்காலம் முழுக்க மூடுவதற்கும் பொருள்களைக் காப்பதே ஒரு காரணம். அந்த மாதங்களில்தான் நூல்களைத் தூசி தட்டி, மேசை நாற்காலிக்கு உறை போட்டு, பூச்சி அரித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள்.

மூட்டு வலிக்காரருக்கு: எடின்பரோவில் மேட்டின் உச்சிக்கு நடக்க முடியாதவர்களை ஏற்றிச்செல்ல வண்டி உண்டு, வாசலிலேயே கேளுங்கள். ஸ்டர்லிங்கில் அரண்மனை அறைகளும் பெரிய கூடமும் சமாளிக்கக் கூடியவை, தரைதான் உருண்டைக்கல். கோபுர வீடுகளின் மேல்மாடி இவருக்குச் சரிப்படாது. படி குறுகல், பிடிக்கக் கயிறு மட்டுமே இருக்கலாம். கிராத்தஸில் தோட்டத்தில் ஒரு மணி நேரம் அவருக்கு இனிமையாகப் போகும். டன்ராபினில் தோட்டம் நீளப் படிக்கட்டுக்குக் கீழே. மேல் மாடத்திலிருந்தே முழுதும் தெரியும், வல்லூறு பறக்கவிடும் காட்சிக்கு இறங்க வேண்டியிருக்கும்.

ஸ்டர்லிங்கில் ஒன்றைத் தவறவிட வேண்டாம். ஐந்தாம் ஜேம்ஸின் அரண்மனைக் கூரையில் இருந்த ஓக் மரத் தலைச்சிற்ப வட்டங்கள், 'ஸ்டர்லிங் தலைகள்'. அறையின் கூரையில் வண்ணத்தோடு இருப்பவை புதிதாகச் செதுக்கிய நகல்கள். வண்ணம் போன அசல்கள் மேல்மாடிக் காட்சிக்கூடத்தில். பலர் நகலை அசல் என்று நினைத்து அங்கேயே திரும்பிவிடுகிறார்கள்.

ரயிலடி

ஸ்டர்லிங் பெரிய கூடம் ஏன் மஞ்சளாக இருக்கிறது? சாம்பல் கற்களுக்கு நடுவே ஒட்டாமல் நிற்கிறதே. லின்லித்கோ போன்ற இடங்களில் வேலி போட்டு மூடியிருப்பதும் ஏன்?

கல்தச்சன்

இரண்டு கேள்விக்கும் பதில் சுண்ணாம்பில் இருக்கிறது. வெறுங்கல் சுவர்தான் பழைமை என்று நம் கண் பழகிவிட்டது. நான்காம் ஜேம்ஸின் அந்தக் கூடம் 1503 வாக்கில் முடிந்தபோது வெளிச்சுவர் சுண்ணம் பூசித்தான் இருந்தது. 1999-இல் அந்த நிறத்தைத் திரும்பப் பூசினார்கள். கிரெய்கிவாரின் இளஞ்சிவப்பும் சுண்ணப்பூச்சுதான். சுண்ணத்தில் சிறுகல் கலந்து சுவரில் வீசி அடிப்பதை 'ஹார்லிங்' என்பார்கள். அது மழைநீரைக் கொஞ்சம் உறிஞ்சும், காற்றடித்தால் வெளியே விட்டுவிடும். மென்மையாக இருப்பதால் சுவர் அசையும்போது தானும் அசையும்.

20-ஆம் நூற்றாண்டில் பழுதுபார்த்தவர்கள் பல இடங்களில் சிமெண்டை இட்டார்கள். சிமெண்ட் விறைப்பானது, மயிர்விரிசல் விடும். விரிசலில் புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் கல்லுக்குள் தங்கும். குளிரில் உறைந்து விரிந்து கல்லின் முகத்தையே உரிக்கும். இடிபாட்டுக் கோட்டைகளில் கூரையும் இல்லாததால் சுவரின் தலைவழியே நீர் இறங்கிக் கல்லுக்கு இடையேயான சுண்ணத்தைக் கரைக்கிறது. உயரத்தில் ஒரு கல் கழன்றால் கீழே நிற்பவர் உயிர் போகும். அதனால் ஹிஸ்டாரிக் அமைப்பு உயர்மட்டச் சுவர்களைக் கைதொடும் தூரத்தில் ஒவ்வொன்றாகச் சோதிக்கிறது. முடியும்வரை சில பகுதிகளுக்கு வேலி. புறப்படும் வாரம் அந்தந்த இடத்தின் பக்கத்தைத் திறந்து பாருங்கள், 'திறந்திருக்கிறது' என்ற சொல்லுக்குக் கீழே எந்தப் பகுதி மூடல் என்பதையும் எழுதியிருப்பார்கள்.

சிமெண்ட் செய்யும் கேட்டைக் கண்ணால் காண ஹெலன்ஸ்பரோவில் ஹில் ஹவுஸ் போக வேண்டும். சார்ல்ஸ் ரென்னி மெக்கின்டாஷ் 1902–04-இல் கட்டிய மாளிகை. அப்போது புதுப்பொருளான போர்ட்லண்ட் சிமெண்டால் பூசினார். மேற்குக் கரை மழை அதை விடவில்லை, சுவர் நூறு ஆண்டாக ஊறிக்கொண்டே இருந்தது. 2019-இல் வீடு முழுவதையும் எஃகுச் சட்டத்துக்குள் வைத்து, சங்கிலி வலை போர்த்திவிட்டார்கள். காற்று போகும், மழையின் பெரும்பகுதி நிற்கும், சுவர் மெதுவாகக் காயும். கூரைக்கு மேலேயே நடைபாலம் இருக்கிறது. கட்டடப் பாதுகாப்பில் ஆர்வமுள்ளவர்கள் இதற்கென ஒரு நாள் ஒதுக்கலாம்.

வடக்குவாசல்

டன்ராபின் போகிற வழியில் ஒரு குன்று. தமிழர்கள் அவசியம் நின்று பார்க்க வேண்டியது.

ஆல்னஸ் ஊருக்கு மேலே ஃபைரிஷ் குன்றின் உச்சியில், சுமார் 450 மீட்டர் உயரத்தில், வளைவு வாசல்களும் தூண்களுமாக ஒரு கல்மண்டபம் நிற்கிறது. அது நாகப்பட்டினக் கோட்டை வாசலின் உருவம் என்று சொல்லிக் கட்டியது. 1658-இலிருந்து டச்சுக்காரர் கையில் இருந்த நாகப்பட்டினத்தை 1781 நவம்பரில் பிடித்த படையின் தலைவர் ஹெக்டர் மன்ரோ. இந்தக் குன்றுக்கு அருகே உள்ள நோவார் அவர் எஸ்டேட். பிழைப்பற்ற உள்ளூர் மக்களுக்கு வேலை தரவே இதை எழுப்பினார் என்பது அங்குள்ள மரபு. காவிரிப் படுகையின் போர் ஒன்று ஹைலண்ட் மலைமேல் கல்லாக நிற்பதைப் பார்த்தால், அந்த நாட்டு மாளிகைகளுக்கான பணம் எங்கெங்கிருந்து வந்தது என்ற கேள்வி தானே எழும். ஏறி இறங்க 2 மணி நேரத்துக்கு மேல் ஆகும், பாதை சேறு. ஏற முடியாதவர்களுக்குக் கீழே சாலையிலிருந்தே வானவிளிம்பில் தெரியும்.

டன்ராபினிலும் இதே கண்ணோடு பாருங்கள். 189 அறை மாளிகை. பின்னால் பென் பிராகி குன்றின் மேல் 1833-இல் இறந்த முதல் சதர்லண்ட் கோமகனின் பெரும் சிலை. அவர் காலத்தில்தான் அந்தப் பகுதிப் பள்ளத்தாக்குகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடியானவர்களை ஆட்டுப்பண்ணைக்காக வெளியேற்றினார்கள். மாளிகையின் அழகை மட்டும் பார்த்துவிட்டு வருவது அந்த மக்களுக்குச் செய்யும் நியாயம் இல்லை.

பொன்னிவளவன்

நாகப்பட்டினம் செய்தி புதிது, கட்டாயம் நிற்கிறோம். திருத்திய திட்டம்: 27 எடின்பரோ. 28 ரயிலில் லின்லித்கோ, ஸ்டர்லிங். 29 காரில் டூன், பிளேர், இரவு இன்வெர்னஸ். 30 ஃபைரிஷ், டன்ராபின். அக்டோபர் 1 அர்க்கர்ட், பிறகு கிராத்தஸ் இருக்கும் டீசைடு பகுதி. 2 கிரெய்கிவார், கிராத்தஸ். 3 டனாட்டர் மேடு, திரும்புதல்.

கல்தச்சன்

நன்றாக இருக்கிறது. 2-ஆம் தேதி காலை கிரெய்கிவார், மதியம் கிராத்தஸ் என்று வையுங்கள். இடையே அரை மணிக்குச் சற்று மேல் ஓட்டம். அர்க்கர்ட்டுக்கு நேரம் குறித்த டிக்கெட் எடுத்துவிடுங்கள், கார் நிறுத்தும் இடம் சிறியது.

செவ்வந்தி

27-ஆம் தேதி ஞாயிறாக விழுந்தால் எடின்பரோவில் பகல் 1 மணிப் பீரங்கி சுடமாட்டார்கள். 1861-இலிருந்து நடக்கும் வழக்கம், ஞாயிறு மட்டும் ஓய்வு. புனித வெள்ளியும் கிறிஸ்துமஸும் விலக்கு. பையனுக்கு அதைக் காட்ட நினைத்தால் 27, 28 இரண்டையும் இடம் மாற்றுங்கள். ஸ்காட்லாந்து மன்னர்களின் பட்டாபிஷேகக் கல்லும் இப்போது கோட்டையில் இல்லை, 2024-இல் பெர்த் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. 29-ஆம் தேதி பிளேர் போகும் வழியில்தான் பெர்த்.